நகராத கோடு

சாமி, கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். ஜன்னலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வேண்டாம். எனக்குப் பின்சக்கரத்துக்கு நேர்மேலே இருக்கிற இடம்தான் வேண்டும். முட்டி இடிக்கும், தெரியும். ஆனால் இங்கே உட்கார்ந்தால்தான் சக்கரத்தின் சத்தம் கேட்கும்.

ஏறுவதற்கு முன்னால் பஸ்ஸைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுத்தான் ஏறினேன். ஒவ்வொரு சக்கரத்திலும் குனிந்து நட்டுகளைப் பார்த்தேன். நட்டின் அடியிலிருந்து துரு கோடாக ஒழுகியிருந்தால் அது உள்ளுக்குள் ஆடுகிறது என்று அர்த்தம். கண்டக்டர் வந்து நின்று, "என்ன சார், பஸ்ஸ வெலைக்குப் பேசப் போறீங்களா?" என்று கேட்டார். நான் அடுத்த சக்கரத்துக்குப் போய்க் குனிந்தேன். சோதித்துப் பார்க்கிற ஆளைப் பார்த்துச் சிரிக்கிறவர்களிடம் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு.

சாமி எந்த ஊர்? தேவாரமா. தேவாரத்தில் யார் வீடு? சரி, சொல்ல வேண்டாம், சும்மாதான் கேட்டேன். நான் தேனி. இறங்கப் போவது ராசிங்காபுரம், உங்கள் ஊருக்கு முன்னாலேயே. அங்கே என் மச்சினன் வீடு. மச்சினன் என்றால் மனைவியின் தம்பி. தவமணி என்று பெயர். தெரியாதே உங்களுக்கு? ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிற ஜீப் ஓட்டுவான். தெரியாதா. நல்லது.

இந்தப் பையைப் பார்க்கிறீர்கள். வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள், குங்குமம், மேலே பத்திரிகை. என் மகள் மதுமிதாவுக்குக் கல்யாணம். இந்தக் கார்த்திகை கடைசி முகூர்த்தம். தாய்மாமனுக்கு வைக்க வேண்டிய பத்திரிகையை எல்லாருக்கும் முதலில் வைத்திருக்க வேண்டும். நான் கடைசியாக வைக்கப் போகிறேன். வைப்பேனா என்பதே இன்னும் முடிவாகவில்லை. அது அவன் கையில்தான் இருக்கிறது.

இல்லை, கோபமெல்லாம் இல்லை சாமி. நான் கோபப்படுகிற ஆள் இல்லை. எனக்கு ஆதாரம் வேண்டும், அவ்வளவுதான். அதுதான் என் தொழில். மஸ்கட்டில் எண்ணெய்க் குழாய்களின் மூட்டுகளைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிற வேலை பார்த்தேன். குழாயும் குழாயும் சேருகிற இடத்தில் சுற்றிலும் போல்ட் இருக்கும். சரியான அளவுக்கு முறுக்கியிருக்கிறார்களா என்று பார்த்து, நட்டுக்கும் போல்ட்டுக்கும் சேர்த்து ஒரு கோடு இழுப்பேன். வெள்ளைப் பெயின்ட். கோடு ஒடிந்திருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது. கோடு நேராக இருந்தால் நகரவில்லை. உலகத்தில் நான் முழுதாக நம்புகிற ஒரே சமாச்சாரம் அந்தக் கோடுதான்.

போன வருடம் திரும்பி வந்துவிட்டேன். வந்து நான் செய்த ஒரே ஆடம்பரம் ஒரு பழைய ஜீப் வாங்கியது. அதைத் தவமணிதான் பார்த்து வாங்கிக் கொடுத்தான். எஞ்சின் நன்றாக இருக்கிறது, சேஸிஸ் நேராக இருக்கிறது என்றான். இருந்தது. அதில் பொய் இல்லை. பொய் எப்போதும் அடுத்த கட்டத்தில்தான் வரும்.

அகலமான டயர் போட்டேன். போட்டதும் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினால் டயர் உள்ளே ஸ்பிரிங் பட்டையில் உரசியது. அதற்கு வழி என்னவென்றால், அச்சின் முனையில் சக்கரம் மாட்டுகிற ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு தடித்த வட்டத் தகடு வைத்துச் சக்கரத்தைக் கொஞ்சம் வெளியே தள்ளுவது. ஸ்பேசர் என்பார்கள். ஹப்பில் இருக்கிற பழைய போல்ட்டில் அந்த வட்டத்தை மாட்டி நட்டுப் போட வேண்டும். அந்த வட்டத்திலேயே புதுப் போல்ட் இருக்கும். அதன்மேல் சக்கரத்தை மாட்டி மறுபடி நட்டுப் போட வேண்டும். புரிகிறதா? ஒரு சக்கரத்துக்கு இரண்டு அடுக்கு. இரண்டில் எது ஏமாற்றினாலும் சக்கரம் தனியாகப் போய்விடும்.

தவமணி முதல் நாளே வேண்டாம் என்றான். "மச்சான், சக்கரத்த வெளிய தள்ளுனா பேரிங்கு சீக்கிரம் போயிரும். பழைய டயரையே போட்டுட்டுப் பேசாம ஓட்டுங்க. நீங்க என்ன மேட்டுக்குத் தெனமுமா ஏறப் போறீங்க?"

கவனித்தீர்களா சாமி? ஆரம்பத்திலேயே அவனுக்குப் பிடிக்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரையில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு டப்பாவை எடுத்து வைத்து, "எல்லாம் ஒரே மால்தான் சார், கண்ண மூடிட்டு மாட்டுங்க" என்றார். கண்ணை மூடச் சொல்கிற ஆளிடம் நான் வாங்குவேனா? அது ஹப்பில் சும்மா தொங்குகிற தகடு. நடுவில் துளை பெரிது, எந்தப் பக்கமும் நகரும். நடு வளையம் ஹப்பின் மேல் ஆட்டமில்லாமல் கச்சிதமாக உட்கார வேண்டும். இல்லையென்றால் வண்டியின் பாரம் முழுக்கப் போல்ட்டின் கழுத்தில் விழும். மூன்று கடை ஏறி இறங்கினேன். கடைசியில் கோயம்புத்தூரில் என் ஹப்பை அளந்து கொடுத்து, அதற்கென்றே கடைந்து வாங்கினேன்.

போல்ட் தலையில் வலு எண் அடித்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எண் இல்லாத போல்ட் அப்பன் பெயர் இல்லாத பத்திரம் மாதிரி. நட்டும் அப்படித்தான். பளபளவென்று வெள்ளி மாதிரி மின்னுகிற நட்டுகளில் பாதி மேலே மூடி, உள்ளே ஒன்றுமில்லை. நட்டின் அடி சரிவாக இருந்தால் சக்கரத்தின் துளையும் அதே சரிவாக இருக்க வேண்டும். உருண்டையாக இருந்தால் உருண்டை. மாறி மாட்டினால் இறுகின மாதிரி கைக்குத் தெரியும், ஆனால் உள்ளே ஓரத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். நான் நட்டின் அடியில் நீல மை தடவி, துளையில் உட்கார வைத்து, எடுத்துப் பார்த்தேன். மை வளையம் முழுதாகப் பதிந்திருந்தது. அப்படிப் பதிந்த நட்டுகளை மட்டும்தான் எடுத்தேன்.

தவமணி திண்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு பார்த்தான். "மச்சான், எங்க அக்காவுக்கு மாப்பிள்ள பாத்தப்பக்கூட எங்க அப்பா இவ்வளவு பாக்கல" என்றான்.

என் மனைவி போதுமணி உள்ளேயிருந்து, "பாத்திருந்தா நல்லாருந்திருக்கும்" என்றாள்.

அக்கா தம்பி இரண்டு பேரும் அப்படித்தான். பெண் போதும் என்று அவளுக்குப் போதுமணி. அதற்கப்புறம் தவம் கிடந்து பெற்றதாக இவனுக்குத் தவமணி. ஒருவர் எறிந்தால் இன்னொருவர் பிடிப்பார்கள். நடுவில் நான்.

எல்லாச் சாமானும் வந்து சேர்ந்தபோது ஆயுத பூஜை வந்துவிட்டது. சரி, மாட்டுவதற்கு முன்னால் பூஜையில் வைத்துவிடலாம் என்றேன். மஸ்கட்டில் இத்தனை வருடம் இந்தப் பூஜைக்கு லீவு கேட்டதே இல்லை. ஆகவே இந்த முறை குறையில்லாமல் செய்ய வேண்டும் என்று, நான்கு ஸ்பேசரையும் நானே வாழை இலையில் அடுக்கினேன். கடைச் சந்தன வில்லை இல்லை, கல்லில் இழைத்த சந்தனம். கெட்டியாகக் குழைத்து, மூன்று விரலால் ஒவ்வொன்றுக்கும் முன்பக்கம் ஒரு பட்டை, பின்பக்கம் ஒரு பட்டை இழுத்தேன். நடுவில் குங்குமம். நட்டை அளந்து முறுக்குகிற டார்க் ரெஞ்சுக்கும் ஒரு பொட்டு. அலுமினியத்தின்மேல் சந்தனம் அவ்வளவு அழகாக இருந்தது சாமி. போதுமணியே, "பரவால்லையே, கோணாம போட்டிருக்கீங்க" என்றாள். அவள் வாயிலிருந்து அது வருவது அபூர்வம்.

பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாதே. தொடவில்லை. மறுநாள் விஜயதசமி, நல்ல நேரம் பார்த்து மாட்டினோம்.

எப்படி மாட்டினேன் என்று கேளுங்கள். ஏனென்றால் நாளைக்கு யாராவது உங்களிடம் வந்து, அவர் சரியாக மாட்டவில்லை என்று சொன்னால் நீங்கள் சொல்ல வேண்டும். முதலில் ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷால் தேய்த்தேன். துரு, பழைய பெயின்ட், கிரீஸ், எதுவும் இருக்கக் கூடாது. இது குழாய் வேலையில் முதல் பாடம். இரும்பும் இரும்பும் சேருகிற இடத்தில் ஒரு தலைமுடி கிடந்தால்கூட அது ஒரு நாள் நசுங்கும், நசுங்கினால் இடைவெளி வரும், இடைவெளி வந்தால் நட்டு நகராமலேயே பிடி விட்டுப்போகும். புதியவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது.

ஸ்பேசரையா? அது புத்தம் புதிது, அதில் தேய்க்க என்ன இருக்கிறது? அதுவும் பூஜையில் வைத்தது. தவமணி ஒவ்வொன்றையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் என் கையில் கொடுத்தான். பாருங்கள், அந்த அளவுக்குப் பக்தி காட்டினான்.

நட்டுகளை முதலில் கையால் கடைசிவரை ஓட்டினேன். கையால் ஓடாத நட்டை ஸ்பானரால் ஓட்டினால் மரை செத்துப்போகும். காற்றழுத்தத்தில் நட்டு முறுக்குகிற ஏர் கன்னைப் பக்கத்தில் விடவில்லை. எண்ணெய் ஒரு சொட்டு இல்லை. எதிரெதிராக, நட்சத்திரம் வரைகிற மாதிரி, மாற்றி மாற்றி முறுக்கினேன். கடைசியில் டார்க் ரெஞ்ச். சரியான அளவு வந்ததும் அது 'டிக்' என்று சொல்லும். ஒவ்வொரு நட்டிலும் அந்த 'டிக்'கைக் கேட்டேன். அப்புறம் வெள்ளைப் பெயின்டில் கோடு இழுத்தேன். நான் கோடு இழுத்ததைப் பார்த்த ஒரே ஆள் தவமணி. அவன்தான் பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இது என்ன மச்சான், நட்டுக்கு நாமமா?"

"நட்டு நகர்ந்துச்சா இல்லையான்னு இது சொல்லும் மாப்ள."

"சொல்லுமா? பேசுமா?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பே எனக்குச் சரியாகப் படவில்லை.

கோடாங்கிபட்டி வந்துவிட்டதா. இந்த டிரைவர் பிரேக்கை மிதிக்கிற விதம் பரவாயில்லை.

புதிதாக மாட்டினால் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி ரெஞ்ச் வைத்துப் பார்க்க வேண்டும், அது விதி. வைகை அணை வரை போய் வந்து பார்த்தேன். ரெஞ்ச் கால் சுற்றுப் போன பிறகுதான் 'டிக்' சொன்னது. சரி, புதுச் சாமான், உட்கார்ந்திருக்கும் என்று விட்டேன். பழைய கோட்டை அழித்துவிட்டுப் புதுக் கோடு இழுத்தேன். பின்னால் ஐப்பசி மழை பிடித்தது. மழைவிட்ட ஒரு காலையில் பார்த்தேன். மறுபடி தளர்வு. கோட்டைப் பார்த்தேன். கோடு நேராக இருக்கிறது. ஒரு மயிரிழை நகரவில்லை. ஆனால் ரெஞ்ச் வைத்தால் நட்டு திரும்புகிறது. மறுபடி முறுக்கினேன், மறுபடி கோடு. அடுத்த மழைக்கு அப்புறம் பார்த்தால் மறுபடி அதே.

இதற்கு என்ன அர்த்தம் சாமி? நீங்களே சொல்லுங்கள். கோடு நகராமல் நட்டு எப்படித் தளரும்? ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. யாரோ நட்டைத் தளர்த்திவிட்டு, கோட்டுக்குக் கோடு மிகச் சரியாகப் பொருத்தி வைத்துவிட்டுப் போகிறான். அவ்வளவு நுணுக்கமாகச் செய்ய வேண்டுமென்றால் அந்தக் கோட்டின் விவரம் தெரிந்த ஆளாக இருக்க வேண்டும். விவரம் தெரிந்த ஆள் யார்?

உடனே அவனைச் சொல்லவில்லை. நான் நியாயமானவன். முதலில் எதிர்வீட்டு ரிட்டையர்டு வாத்தியாரைச் சந்தேகப்பட்டேன், அவர் நடைப்பயிற்சி போகும்போது ஜீப்பையே பார்த்துக்கொண்டு போவார். அப்புறம் பால்காரர். அப்புறம் வண்டியை வீட்டுக்குள் ஏற்றி, கேட்டுக்குப் பூட்டுப் போட்டேன். பூட்டுப் போட்ட பிறகும் தளர்ந்தது. பூட்டின் சாவி இருக்கிற இடம் தெரிந்தவர்கள் யார்? நானும், போதுமணியும், மதுமிதாவும், தவமணியும். போதுமணிக்கு ஊறுகாய் பாட்டில் மூடியே திறக்க வராது. மதுமிதா போனைவிட்டு இறங்க மாட்டாள். மிச்சம் யார்?

போதுமணியிடம் சாடையாகச் சொன்னேன். "ஒந்தம்பிக்கு நான் வண்டி வச்சிருக்கிறது பிடிக்கலையோ?"

"ஏங்க, அவன்கிட்ட ரெண்டு ஜீப்பு நிக்குது. ஒங்க வண்டிய வச்சு அவன் என்ன பண்ணப் போறான்?"

"நான் தப்பா மாட்டிட்டேன்னு ஊருக்குக் காட்டணும்ல. வேணாம்னு சொன்னவன் அவன்தான?"

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. மஸ்கட்டிலிருந்து லீவில் வரும்போது ஏர்போர்ட்டில் அடையாளம் தெரியாத மாதிரி ஒரு கணம் பார்ப்பாள், அந்த மாதிரி.

பிறகுதான் அது நடந்தது. போடிமெட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில் போதுமணியின் பெரியப்பா மகள் இருக்கிறாள். கல்யாணத்தை அவளுக்கு நேரில் சொல்ல வேண்டும் என்று தாயும் மகளும் கிளம்பினார்கள். எனக்கு மண்டபத்தில் வேலை. தவமணி என் ஜீப்பை ஓட்டிக்கொண்டு போனான். நான்தான் ஓட்டச் சொன்னேன். முந்தின நாள் ரெஞ்ச் வைத்து முறுக்கி, கோடு இழுத்துத்தான் கொடுத்தேன்.

இறங்கும்போது ஒரு வளைவில் வலது முன்சக்கரம் நடுங்கியிருக்கிறது. போதுமணிக்கு ஒன்றும் தெரியவில்லை. மதுமிதாவுக்கும் தெரியவில்லை. இவன் மட்டும், "அக்கா, ஸ்டியரிங்கு என்னமோ சொல்லுது" என்று ஓரம்கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்து நிறுத்தியிருக்கிறான். அவர்களைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு எனக்குப் போன் செய்தான்.

நான் போனபோது சக்கரத்தைக் கழற்றித் தரையில் படுக்கப் போட்டிருந்தான்.

"மச்சான், ஒரு போல்ட்டு முறிஞ்சிருச்சு. மத்த நட்டெல்லாம் கையாலயே கழண்டு வருது. இன்னும் ரெண்டு வளைவு போயிருந்தா..." என்று பள்ளத்தைப் பார்த்தான்.

ஸ்பேசரை ஹப்போடு பிடித்திருக்கிற நட்டைப் பார்த்தேன். அன்றைக்கு மட்டும் கோடு ஒடிந்திருந்தது. அவசரத்தில் பொருத்தி வைக்க மறந்திருக்கிறான்.

"நேத்து நான் டைட் வச்சுக் குடுத்தேன் மாப்ள. அப்புறம் யார் கை வச்சா?"

"எனக்கென்ன தெரியும்?"

"நான் கோடு போட்டத யார் பாத்தா?"

"நான்தான் பாத்தேன்."

"அப்ப?"

தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையைக் கழுவினான். மெதுவாக, ஒவ்வொரு விரலாக. "மச்சான், வண்டிக்குள்ள உக்காந்திருந்தது எங்க அக்கா. மது. நீங்க அங்கன இருந்தப்ப அவள ஸ்கூலுக்குத் தோள்ல தூக்கிட்டுப் போனவன் நான்."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல." சாவியை பானட்டின்மேல் வைத்தான். "ஒங்க வண்டி, ஒங்க நட்டு, ஒங்க கோடு. நல்லா வச்சிருங்க." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கீழே நடக்க ஆரம்பித்தான். ஒரு லாரியைக் கை காட்டி ஏறிப் போய்விட்டான்.

என்ன கேட்கிறீர்கள்? அவனும் அதே வண்டியில்தானே இருந்தான் என்றா? எல்லாரும் இதையேதான் கேட்கிறார்கள். அவன் நல்ல டிரைவர் சாமி. சக்கரம் கழன்று போவதற்கு முன்னால் நிறுத்திவிடுவான். யாருக்கும் தெரியாத நடுக்கம் அவனுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? அதுதான் இதில் இருக்கிற சூட்சுமம். எதிர்பார்த்துக்கொண்டிருந்தவனுக்குத்தானே தெரியும்.

அன்றிலிருந்து அவன் வீட்டுக்கு வரவில்லை. போனை எடுப்பதில்லை. போதுமணி இரண்டே வாக்கியம் சொன்னாள். "எந்தம்பி வந்து மாலை எடுத்துக் குடுக்காம எம்மக மேடை ஏற மாட்டா. இல்லன்னா நீங்களே ரெஞ்ச வச்சு முறுக்கிக் கட்டிவைங்க கல்யாணத்த." அதற்கப்புறம் சோறு வைக்கிற சத்தம் மட்டும்தான். மதுமிதாவும் அம்மா பக்கம்தான். கல்யாணப் புடவைக்கு ரவிக்கை தைக்கக் கொடுக்காமல் துணியை அப்படியே அலமாரியில் வைத்திருக்கிறாள். கேட்டால், "மாமா வரட்டும்பா" என்கிறாள்.

அதனால்தான் கிளம்பினேன். ஆனால் வெறும் கையோடு போக மாட்டேன். ஆதாரம் வைத்திருக்கிறேன்.

போடி தாண்டிவிட்டோமா? அப்படியானால் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். இதைப் பாருங்கள், இந்தப் பிளாஸ்டிக் கவர். அன்றைக்கு அவன் போன பிறகு சக்கரத்தின் உட்பக்கத்தைப் பார்த்தேன். ஸ்பேசரின் முகத்தில் ஏதோ பொடி. பழுப்பு மஞ்சள். விரலால் தொட்டால் உதிர்கிறது. கத்தியால் சுரண்டி எடுத்தேன். வீட்டுக்கு வந்து மற்ற மூன்று சக்கரத்தையும் கழற்றினேன். எல்லாவற்றிலும் இருக்கிறது சாமி. முன்பக்கம் பின்பக்கம் இரண்டிலும். ஹப்பின் முகத்திலும் அப்பியிருக்கிறது. அதுவும் எப்படி? கண்டபடி இல்லை. பட்டை பட்டையாக, விரலால் இழுத்த மாதிரி மூன்று கோடு. அவ்வளவு நிதானமாக உட்கார்ந்து தடவியிருக்கிறான். இப்படி ஒரு பொடியை நடுவில் வைத்தால் என்ன ஆகும்? முறுக்கும்போது இறுகின மாதிரி இருக்கும். மழையில் ஊறும். வெயிலில் காயும். ஓட ஓட நசுங்கி உதிரும். நட்டு இருந்த இடத்திலேயே இருக்கும், பிடி போய்விடும். குழாய் வேலை தெரிந்தவனுக்குத்தான் இந்த வித்தை வரும். இவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதுதான் எனக்குப் புரியாத ஒரே விஷயம்.

போய் உட்கார்ந்ததும் முதலில் இந்தக் கவரை அவன் முன்னால் வைப்பேன். ஒன்றும் பேச மாட்டேன். அவன் வாயால் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆமா மச்சான், நான்தான் வைத்தேன் என்று ஒரு வார்த்தை. ஒத்துக்கொண்ட அடுத்த நிமிடம் மன்னித்துவிடுவேன், பத்திரிகையைக் கொடுத்துவிடுவேன். ஒத்துக்கொள்ளாவிட்டால் பத்திரிகை பையிலேயே திரும்பி வரும். கல்யாணம் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள். அதை அவன்தான் யோசிக்க வேண்டும்.

சாமி, முகர்ந்தெல்லாம் பார்க்காதீர்கள், என்ன கருமமோ.

என்ன?

சந்தனமா? உங்கள் நெற்றியில் இருப்பதால் உங்களுக்கு எல்லாமே சந்தனமாகத்தான் மணக்கும். மாலை போட்டவர்களுக்கு இது ஒரு பழக்கம். இதில் பிரேக் தூசி இருக்கிறது, டயர் வாடை இருக்கிறது. சந்தனம் எங்கே இருக்கிறது?

அந்தச் சிவப்பா? அது துரு.

அலுமினியம் துருப்பிடிக்காது, சரிதான். ஹப்பிலிருந்து வந்திருக்கும். ஹப்பை நான் தேய்த்துத் துடைத்தேன், அதுவும் சரிதான்.

இல்லை சாமி. பூஜைக்கு வைத்த சந்தனம் அன்றைக்கே காய்ந்து உதிர்ந்திருக்கும். நீங்கள் காலையில் வைப்பது சாயங்காலம் வரை நிற்கிறதா? வியர்வையிலும் காற்றிலும் உதிர்ந்துவிடுகிறது அல்லவா? அந்த மாதிரி அதுவும் எங்கேயாவது...

எங்கே உதிரும் என்றா கேட்கிறீர்கள்?

இரண்டு இரும்புக்கு நடுவில்...

இந்த பஸ் ஏன் இங்கே நிற்கிறது? இது என்ன ஊர்? சிலமலையா. எவ்வளவு நேரம் நிற்பான்?

...

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? சிரிக்கவில்லையா. சரி. கையை ஏன் பார்க்கிறீர்கள் என்று கேட்கிறீர்களா? என் கையை நான் பார்க்கிறேன். மூன்று விரல் எல்லாருக்கும்தான் இருக்கிறது.

சாமி, மாலை போட்டிருக்கிறீர்கள், பொய் சொல்லக் கூடாது. நீங்கள் தவமணிக்கு என்ன வேண்டும்? ஒன்றும் வேண்டாமா? அப்படியானால் எப்படி இவ்வளவு சரியாகக் கேட்கிறீர்கள்? தேனியில் நான் ஏறும்போது இந்த இடம் மட்டும் காலியாக இருந்ததே, அது எப்படி? பூஜை போட்டது யார், மாட்டினது யார், ஸ்பேசரைத் துடைத்தது யார். நான் சொன்னதையெல்லாம் வரிசையாக வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள். என்ன வேலை பார்க்கிறீர்கள்? பலசரக்குக் கடையா. பலசரக்குக் கடைக்காரருக்கு இவ்வளவு சந்தேகம் ஆகாது சாமி. வியாபாரம் கெட்டுப்போகும்.

நான் என்ன நினைக்கிறேன் என்றால், ஒரு வீட்டுக்குக் கல்யாணம் சொல்லப் போகும்போது நட்டு, போல்ட், பொடி என்று பேசிக்கொண்டு போவது நன்றாக இருக்காது. நல்ல காரியம். முதலில் தட்டை நீட்டிவிட வேண்டியதுதான். வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை. மாப்ள, நீ இல்லாம மது மேடை ஏற மாட்டா, அவ்வளவுதான் சொல்லுவேன். அவன் ஏதாவது கேட்டால்?

கேட்க மாட்டான். அவன் அப்படிப்பட்டவன் இல்லை. கேட்கிறது என் வேலை, அவனுக்கு அது வராது.

அவன் ஒத்துக்கொள்வதா? எதை ஒத்துக்கொள்வது? அதை விட்டுவிட்டேன் என்றுதானே சொல்கிறேன். நான் பெரிய மனதோடு விடுகிறேன், நீங்கள் ஏன் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள்?

ராசிங்காபுரம் வந்துவிட்டது. கொஞ்சம் முட்டியை ஒதுக்குங்கள், இறங்கிக்கொள்கிறேன். பழம் நசுங்கவில்லையே? நல்லது. கண்டக்டர், ஒரு நிமிஷம், கல்யாணப் பை.

என்ன சாமி, எதற்குக் கூப்பிடுகிறீர்கள்?

கவரா? எந்தக் கவர்?

அது என்னுடையது இல்லையே.